சொற்கள் உன்னை விட்டுப் போன வருடம்

என் தம்பி ஜெகனுக்கு, நான் பெறாமல் வளர்த்த பிள்ளைக்கு,

மாரி தொடங்கிவிட்டது. வாவித் தண்ணீர் உன் வீட்டு வேலி வரைக்கும் வந்து நிற்கிறது. உன் ஷேர்லி மாதா கோயிலுக்குப் போயிருக்கிறாள், உன் மகள் அனிற்றா ரியூஷனுக்கு. நான் உங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதுகிறேன். நீ இருக்கிற கதிரையில் இப்போதும் ஒருவரும் இருப்பதில்லை. இருக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவுமில்லை.

போன மாதம் இந்த வீட்டில் ஒன்று நடந்தது. அதை உனக்குச் சொல்லத்தான் பேனையை எடுத்தேன். எடுத்த பிறகு யோசிக்கிறேன், உனக்கு நடந்ததே உனக்கு முழுதாகத் தெரியாதே? கடைசி மாதங்களில் நீ எங்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தாய். எது விளங்கியது, எது விளங்கவில்லை என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஆகவே முதலில் உன் கதையை உனக்கே சொல்கிறேன். கேட்டுக்கொண்டிரு.

நம் அம்மா போகும்போது உனக்குப் பால்பல்கூட விழவில்லை. அப்பா சண்டை நடந்த அந்தக் கெட்ட காலத்தில் ஒருநாள் காலை சைக்கிளில் டவுனுக்குப் போனார். அவரும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. எங்கே போய்க் கேட்டாலும், "இஞ்ச அப்பிடி ஒரு ஆள் இல்ல" என்றார்கள். அதற்குப் பிறகு அமிர்தகழி வீட்டில் நீயும் நானும்தான். நான் தையல் மெஷினை மிதித்தேன், நீ பள்ளிக்கூடம் போனாய். மறுகா, கொஞ்சக் காலம் கழித்து, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு டவுனில் ஷேர்லியின் பப்பாவுடைய கராஜில் வேலைக்குச் சேர்ந்தாய். போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கிச் சனத்தின் கராஜ். தலைமுறை தலைமுறையாக இரும்போடு புழங்கியவர்கள். எஞ்சின் பழகப் போனவன் அந்த வீட்டுப் பெண்ணையும் பழகிக்கொண்டு வந்தாய்.

கலியாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தாய். நான் மாதா கோயிலின் பின்வரிசை வாங்கில் இருந்து பார்த்தேன். ஷேர்லியும் நானும் அதற்குப் பிறகு மரியாதையாகத்தான் இருந்தோம். தீபாவளிக்கு நான் பலகாரம் அனுப்புவேன், நத்தாருக்கு அவள் கேக் அனுப்புவாள். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்கவில்லை. நீ ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தவறமாட்டாய். ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் குளத்தில் இறங்கி அப்பாவுக்குத் தீர்த்தமாடவும் தவறமாட்டாய். இரண்டையும் ஒரே மனதில் எப்படி வைத்திருந்தாய்? கேட்டிருக்கலாம். கேட்கத் தேவையில்லை என்று இருந்துவிட்டேன்.

எல்லாம் ஒரு டெலிபோன் பேச்சில்தான் தொடங்கியது. ஓட்டமாவடி நியாஸ், உன் கராஜுக்கு எஞ்சின் சாமான் கொண்டுவந்து தருகிறவன், உன் இளந்தாரிக் காலத்துச் சிநேகிதன், அவன்தான் பிறகு எனக்கு இதைச் சொன்னான். நீ அவனுக்கு எடுத்து, "மச்சான், வரக்குள்ள அது ரெண்டு கொண்டு வா" என்றாயாம்.

"எதுடா?"

"அதுதான்... அது... எஞ்சின்ல நெருப்புப் பத்துறது."

"பிளக்குக்குப் பேர் மறந்திட்டா உனக்கு? வயசு போயிட்டு மச்சான்" என்று அவன் சிரித்தானாம். நீயும் சிரித்தாயாம். உன் வாழ்க்கை முழுக்க உன் விரலுக்குள் உருண்ட சாமான் அது. அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து நியாஸ் இப்போதும் அழுகிறான். "நான் அண்டைக்கே விளங்கியிருக்கணும் அக்கா" என்கிறான். யாருக்கு விளங்கும்?

பிறகு ஆட்களின் பேர் போனது. சாமான்களின் பேர் போனது. ஒருநாள் வாவிக்கரையில் ஒரு தோணியில் எஞ்சினைப் பூட்டிக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்து தண்ணீருக்குள் விழுந்தாய். முழங்கால் அளவு தண்ணீர். பக்கத்தில் நின்ற தோணிக்காரர்கள் தூக்கியதால் பிழைத்தாய். ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்துப் பார்த்துவிட்டு, கொழும்புக்கு அனுப்பினார்கள். நியாஸின் வான் வண்டியில்தான் போனோம். நீ முன்சீட்டில் இருந்து வழியெல்லாம் பகிடி விட்டுக்கொண்டு வந்தாய். சொற்கள் தட்டுப்படும் இடத்தில் நியாஸ் எடுத்துக் கொடுப்பான். பொலனறுவை தாண்டும்போது ஷேர்லி என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல்முறை.

தலையைத் திறந்து எடுக்கக்கூடியதை எடுத்தார்கள். டொக்டர் ஷேர்லியையும் என்னையும் கூப்பிட்டு இங்கிலீசில் கதைத்தார். எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை. ஷேர்லியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் அவள் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மச்சாள், இது கேன்சர். முழுக்க எடுக்க ஏலாதாம். ரேடியேஷன் கரண்ட் பிடிச்சா, மருந்து குடுத்தா கொஞ்சநாள் அடங்கிக் கிடக்குமாம். திரும்ப வருமாம்."

"திரும்ப வந்தா?"

"வந்தா மறுகா ஒண்டும் செய்ய இல்லையாம்."

நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், "அவனுக்குச் சொல்லாத புள்ள. சொன்னா அண்டைக்கே செத்துருவான்." நம் ஊரில் அப்படித்தானே? நோயாளிக்கு நோயைச் சொல்வதில்லை. வயிற்றில் புண் என்போம், நரம்புத் தளர்ச்சி என்போம், கடைசிவரை 'சுகமாயிரும்' என்போம். ஷேர்லி என் கையை விடுவிக்கவில்லை. ஆனால் தலையாட்டவுமில்லை.

"அவர் எனக்கு ஒருநாளும் பொய் சொல்லல்ல மச்சாள். சாகப்போற மனுசனுக்கு நான் எப்பிடிப் பொய் சொல்றது?"

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, தலையில் கட்டுப்போட்டபடி நீ கஞ்சி குடித்து முடித்த பிறகு, அவள் உன்னிடம் சொன்னாள். நான் உள்ளே வர மாட்டேன் என்று கதவுக்கு வெளியே நின்றுவிட்டேன். அவள் குரல் கேட்டது, நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. பிறகு உன் குரல் வந்தது.

"அக்காவுக்குத் தெரியுமா?"

உன் சாவைக் கேட்டு நீ கேட்ட முதல் கேள்வி அதுதான், தம்பி. "ஏன்கா வெளியில நிக்கிற? உள்ளுக்கு வா" என்று கூப்பிட்டாய். நான் வந்தேன். மூன்று பேரும் சேர்ந்து அழுதோம். நீ அன்றைக்குச் சாகவில்லை. அழுது முடித்துவிட்டுப் பசிக்கிறது என்றாய்.

ஊருக்கு வந்த பிறகு சில நல்ல மாதங்கள் கிடைத்தன. தலையில் முடி ஒரு பக்கம் மட்டும் முளைத்தது. சொற்களும் அப்படித்தான், பாதி திரும்பின. பின்னேரங்களில் கராஜுக்குப் போய்க் கதிரையில் இருந்துவிட்டு வருவாய். ஓரிரண்டு எஞ்சினைத் தொட்டும் பார்த்தாய். அந்த நாட்களில் ஒருநாள்தான் என்னையும் ஷேர்லியையும் வாவிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாய். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்துப் பேசினாய்.

"என்னை எரிக்க வேணாம். புதைச்சிருங்க."

ஷேர்லி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய கோயில் முறை அதுதான் என்பதால் நான் மனம் நொந்துவிடுவேன் என்று பயந்திருப்பாள். எனக்கு நொந்துதான் போனது. நீ என்னைப் பார்த்து மற்றதையும் சொன்னாய்.

"அப்பாவுக்கு நீ போய் நிக்க ஒரு இடம் இல்லக்கா. என்னையும் கடல்ல கரைச்சா... மறுகா எங்க போவா நீ? எனக்கு இடம் இருக்கட்டும்."

கோயிலுக்காக அல்ல, ஷேர்லிக்காகக்கூட அல்ல. எனக்காக. அதைச் சொல்லி முடிக்க உனக்கு எவ்வளவு நேரம் எடுத்தது. நடுவில் 'கடல்' என்ற சொல் வராமல் கையைக் கிழக்கே நீட்டிக் காட்டினாய்.

இன்னொரு நாள் நான் கேட்டேன், ஞாபகமா? நீ செபமாலையை உருட்டிக்கொண்டு கட்டிலில் இருந்தாய். "என்னடா கேக்கிற அந்த மாதாட்ட?" என்றேன். கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன். "சுகமாக்கச் சொல்லிக் கேக்கல்லக்கா. பயப்படாம இருக்கக் கேக்கிறன்" என்றாய். "தாறாவா?" என்றேன். "சில நாளைக்குத் தாறா" என்றாய். அதைவிட உண்மையாகச் சாமியைப் பற்றி யாரும் என்னிடம் சொன்னதில்லை.

சித்திரை கழிய அது திரும்ப வந்தது. வலது கை முதலில் தொங்கியது. கரண்டி பிடிக்க முடியாமல் போனது, பிறகு கால். சொற்கள் இந்த முறை கூட்டமாகப் போயின. தண்ணீர், சோறு, போர்வை, ஷேர்லி, அனிற்றா, அக்கா, எல்லாம். கடைசியில் உன்னிடம் ஒரேயொரு சொல்தான் மிஞ்சியது. எதைக் கேட்பதென்றாலும் 'பிளக்' என்பாய். தாகமென்றாலும் பிளக், சோறு வேண்டுமென்றாலும் பிளக், மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்வதும் பிளக். நீ தவறாகச் சொல்கிறாய் என்று உனக்கே தெரியும். தலையை ஆட்டிக்கொண்டு கண்ணை மூடுவாய். மறுபடி திறந்து மறுபடி அதையே சொல்வாய். முதல் நாட்களில் நாங்கள் சிரித்தோம், நீயும் சிரித்தாய். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

மூளை வீக்கத்துக்குக் கொடுத்த குளிசையால் முகம் ஊதிப் பெருத்தது. பசி அடங்காது. கோபம் வந்தது, நீ வாழ்நாளில் காட்டாத கோபம். ஒருநாள் அனிற்றா உன் வாயில் சோறு தீத்திக்கொண்டிருக்கும்போது இடக்கையால் கோப்பையைப் பறித்து அவள் முகத்தில் எறிந்தாய். புருவத்துக்கு மேலே வெடித்து இரத்தம் வந்தது. பிள்ளை கத்தவில்லை. எழும்பிப் போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். சில நாட்கள் உன் கட்டிலுக்கு அருகே வரவேயில்லை. "அது அப்பா இல்ல மாமி. அப்பாவ அது தின்னிட்டு" என்றாள் என்னிடம். பதினைந்து வயதுப் பிள்ளை.

பிறகு ஒரு பின்னேரம் நீ கதவுப் பக்கம் பார்த்து, "பிளக்... பிளக்..." என்று கூப்பிட்டாய். தண்ணீர் கொடுத்தோம், தட்டிவிட்டாய். போர்வையைக் கொடுத்தோம், வேண்டாம் என்றாய். அறைக்குள்ளிருந்து அனிற்றா வந்தாள். "ஓம் அப்பா. பிளக் வந்திட்டன்" என்று சொல்லி உன் இடக்கையைத் தன் தலையில் எடுத்து வைத்துக்கொண்டாள். நீ அடங்கினாய். அந்த நாளுக்குப் பிறகு நீ எத்தனை தரம் கூப்பிட்டாலும், எதற்குக் கூப்பிட்டாலும், அவள்தான் முதலில் ஓடிவருவாள்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அல்லது தெரிந்திருந்ததோ?

ஒரு மாலை ஷேர்லி வழக்கம்போல் மெழுகுதிரி கொளுத்தி உன் கட்டிலருகே செபம் தொடங்கினாள். திடீரென்று உன் வாயிலிருந்து சொற்கள் வந்தன. 'தண்ணி' என்று சொல்ல முடியாத நீ, மாதாவுக்குச் சொல்கிற செபத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் கடைசிவரை சொன்னாய். ஷேர்லியின் கையிலிருந்து செபமாலை விழுந்தது. அனிற்றா வந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஷேர்லி மறுபடி தொடங்கினாள், நீ மறுபடி சொன்னாய். மாதாவின் புதுமை நடந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். அயல்வீட்டுச் சனத்தையெல்லாம் கூப்பிட்டாள்.

நான் ஒரு மூலையில் நின்றேன். என் மனம் ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டது. அடுத்த நாள் ஷேர்லி சந்தைக்குப் போன நேரம் பார்த்து, நாம் சிறுவயதில் விளக்கு வைத்துச் சொல்லும் தேவாரத்தை உன் காதருகே தொடங்கினேன். இரண்டு அடி சொல்லி நிறுத்தினேன். நீ மிச்சத்தைப் பாடினாய், தம்பி. அமிர்தகழி வீட்டில் பாடிய அதே இழுவையோடு, நான் எத்தனை தரம் திருத்தியும் திருத்தாத அதே பிழையான இராகத்தோடு. நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். நிமிர்ந்தபோது ஷேர்லி சந்தைப் பையோடு வாசலில் நின்றாள். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"அதையும் திரும்பச் சொல்லுங்க மச்சாள். அவர்ட குரலை நான் கேக்கணும்" என்றாள்.

டொக்டரிடம் கேட்டோம். மனப்பாடமாய்ப் படிந்தவை மூளையில் வேறு இடத்தில் இருக்கும், கட்டி அந்த இடத்தை இன்னும் தொடவில்லை, சுகம் வருகிற அறிகுறி அல்ல என்றார். தன்மையாகத்தான் சொன்னார். ஷேர்லி வீட்டுக்கு வந்து மெழுகுதிரியைக் கொளுத்தினாள். நான் பக்கத்தில் விளக்கை ஏற்றினேன். அன்றிலிருந்து பின்னேரம் அவள் ஒன்று, நான் ஒன்று. நீ இரண்டையும் சொன்னாய். நாள் முழுக்க ஊமையாய்க் கிடக்கிறவனின் குரல் அந்த நேரம் மட்டும் வீட்டுக்குள் கேட்கும். அதைக் கேட்கத்தான் நாங்கள் செபம் சொன்னோமோ, சாமிக்குத்தான் சொன்னோமோ, எனக்கு இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அந்த ஆடியில் நம் அம்மன் கோயில் சடங்கில் நான் தீ மிதித்தேன். இந்த வயதில். மஞ்சள் உடுத்து, நோன்பிருந்து, உன் பேரைச் சொல்லிக்கொண்டு இறங்கினேன். கால் சுடவில்லை. ஒரு கொப்புளம் இல்லை. "அம்மாள் ஏத்துக்கிட்டா" என்று சனம் என் காலைத் தொட்டுக் கும்பிட்டது. நியாஸின் உம்மா உனக்காக நோன்பு பிடித்து துஆ கேட்டுக்கொண்டிருந்தா. ஷேர்லியின் கோயிலில் உனக்காகப் பூசை வைத்தார்கள். அடுத்த ஸ்கானில் கட்டி இன்னும் பெருத்திருந்தது.

என் காலைச் சுடாமல் விட்டவளுக்கு உன் தலையை விடத் தெரியவில்லையா? அன்றைக்கு வந்த கேள்வி இது. இன்னும் போகவில்லை.

முதலில் தேவாரம் போனது. நான் தொடங்குவேன், நீ என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாய். சில கிழமைகள் கழித்து ஷேர்லியின் செபமும் போனது. நடுவில் அறுந்து, பிறகு முதல் சொல்லில் நின்று, பிறகு வெறும் மூச்சு. 'பிளக்'கும் போய்விட்டது. அனிற்றா நீ கூப்பிடாமலே வந்து உன் பக்கத்தில் படுத்துக்கொள்வாள். ஷேர்லியும் நானும் உன்னை முறை வைத்துக் குளிப்பாட்டினோம், புரட்டினோம், முதுகுப் புண்ணுக்கு மருந்து கட்டினோம். அந்த மணத்தை இப்போதும் இந்த வீட்டுத் தலையணையில் நான் மணக்கிறேன். மற்றவர்களுக்கு வருவதில்லையாம். ஒருநாள் உன்னைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஷேர்லி சொன்னாள், "நான் இப்ப இவரை எடுத்திருங்க எண்டுதான் மண்டாடுறன் மச்சாள். பாவமா?" நான் துணியைப் பிழிந்துகொண்டு, "நானும் அதைத்தான் கேக்கிறன் புள்ள" என்றேன்.

மார்கழியில், மழை விடாமல் பெய்த ஒரு முற்பகலில் நீ போனாய். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் நேரம் நீண்டுகொண்டே போனது. ஷேர்லி உன் தலைமாட்டில், அனிற்றா உன் நெஞ்சில், நான் உன் காலடியில். அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தோம். அது வரவில்லை. வரவில்லை என்று விளங்கவே எங்களுக்கு நேரம் எடுத்தது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வெளிச்சம் வரவில்லை, உன் முகத்தில் சிரிப்பு வரவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது.

ஒழுங்கையில் வெள்ளம். பெட்டியை வான் வண்டிக்குக் கொண்டுபோக இடுப்பளவு தண்ணீரில் தூக்கிக்கொண்டு போனார்கள். சேமக்காலையில் குழி வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. வாளியால் இறைப்பார்கள், பாதர் செபத்தைத் தொடங்குவார், அதற்குள் மறுபடி ஊறிவிடும். நியாஸ் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, குழி வெட்டுகிறவர்களிடமிருந்து வாளியை வாங்கி, குழிக்குள் இறங்கி இறைத்தான். "போதும் நியாஸ், ஏறு" என்று எத்தனை பேர் சொல்லியும் ஏறவில்லை. கடைசியில் ஷேர்லி போய்க் கரையில் குந்தி, "போதும் தம்பி, அவருக்குத் தண்ணி பழக்கம்தானே" என்றாள். அதற்குப் பிறகுதான் ஏறினான். பெட்டி இறங்கும்போது தண்ணீரில் படுகிற சத்தம் கேட்டது. தம்பி, எனக்கு ஒரு இடம் வேண்டும் என்று நீ கேட்டாயே, அந்த இடத்தில் உன்னைத் தண்ணீருக்குள் வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

ஒரு வருடம் ஆகப்போகிறது. கராஜ் பூட்டிக் கிடக்கிறது. ஷேர்லி பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். ஆடி அமாவாசைக்கு நான் மாமாங்கத்துக்குப் போனேன். குளத்தடியில் சனம் நெரிந்தது. எல்லோரும் தங்கள் தகப்பனுக்காக இறங்கினார்கள். நான் படியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். கோயிலுக்குள் போகவில்லை. இந்த வருடம் முழுக்க எந்தக் கோயிலுக்குள்ளும் நான் போகவில்லை. வெளிவீதியில் நின்று, மணிச் சத்தம் கேட்டால் கை தானாகக் கும்பிடும். வாய் திறப்பதில்லை. கோபம் இருக்கிறது. கோபிக்க அங்கே ஒருவர் இருக்கிறார் என்றும் அப்போது தோன்றும். இதை ஐயரிடமோ பாதரிடமோ கேட்கப் போவதில்லை.

இனி, நான் சொல்ல வந்த செய்தி.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை அனிற்றா எழும்பி வந்து, "மம்மி, தலை இடிக்குது" என்றாளாம். ரெண்டு கிழமையாகவே இடிக்கிறதாம், பயத்தில் சொல்லவில்லையாம். ஷேர்லி எனக்கு டெலிபோன் எடுத்தாள். அவள் பேசவேயில்லை, மூச்சு மட்டும்தான் கேட்டது. நான் உடுத்த உடுப்போடு ஆட்டோ பிடித்து வந்தேன்.

உள்ளே வந்தால், பிள்ளையைக் கதிரையில் இருத்தி வைத்துக்கொண்டு ஷேர்லி வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுகிறாள்.

"இது என்ன?"

"கோப்பை."

"இது?"

"சீப்பு மம்மி."

"அங்கால இருக்கிறது?"

"ஜன்னல். திரைச்சீலை. மம்மி, போதும்."

"இது என்ன? சொல்லு. இது என்ன?"

பிள்ளையின் கன்னத்தில் கண்ணீர் ஓடுகிறது, வாய் பேர் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நான் ஷேர்லியின் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்திருக்க வேண்டும். என்ன செய்தேன் தெரியுமா? என் கைப்பையைத் தூக்கிக் காட்டி, "இது?" என்றேன்.

நியாஸ் வந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெரிய டொக்டர் உன் கதையைக் கேட்டுவிட்டு ஸ்கானுக்கு எழுதினார். அந்த மெஷினுக்குள் உன் பிள்ளை படுத்திருக்க, நாங்கள் மூன்று பேரும் வாங்கில் இருந்தோம். நியாஸின் உதடு அசைந்தது. ஷேர்லியின் விரல்கள் சட்டைப்பைக்குள் செபமாலையில் நகர்ந்தன. நான் முயன்று பார்த்தேன். எந்தச் சாமியின் பேரும் வாயில் வரவில்லை. ஷேர்லியின் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "பரவால்ல. உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றன்" என்றாள்.

ஒன்றுமில்லை, தம்பி. அவள் தலைக்குள் ஒன்றுமில்லை. கண் பார்வை குறைந்திருக்கிறது, கண்ணாடி போட வேண்டுமாம். டொக்டர் சொன்னதும் ஷேர்லி சத்தமாகச் சிரித்தாள், அந்தச் சிரிப்பு நிற்காமல் அழுகையாகி, தாதி வந்து தண்ணீர் கொடுக்கும்வரைக்கும் போனது. நியாஸ் எழும்பி வெளியே போய்விட்டான்.

திரும்பி வரும்போது அனிற்றா என் பக்கத்தில் இருந்தாள். பாலம் தாண்டிய பிறகு மெதுவாகச் சொன்னாள், "மாமி, ஒவ்வொண்டாப் பேர் சொல்லக்குள்ள, அடுத்ததுக்குப் பேர் வராதோ எண்டு பயந்து பயந்துதான் சொன்னன். இப்பவும் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டுத்தான் வாறன்." ஜன்னலுக்கு வெளியே பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டு வந்தாள். கடை, சைக்கிள், தென்னை, ஆடு. நான் அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

வீட்டு வாசலில் இறங்கியதும், "இண்டைக்குப் போகாதீங்க மாமி" என்றாள். நான் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. ஷேர்லி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நியாஸிடம் சொல்லி அமிர்தகழியிலிருந்து என் தையல் மெஷினை எடுப்பித்துவிட்டாள். அது இப்போது உன் அறை ஜன்னலடியில் நிற்கிறது. கண்ணாடி வந்துவிட்டது, அவளுக்கு வடிவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் காலையில் அவள் எழும்பி வரும்போது ஷேர்லியும் நானும் செய்கிற வேலையை நிறுத்திவிட்டு அவள் முதலில் என்ன சொல்கிறாள் என்று காது கொடுக்கிறோம். இந்தப் பயம் இந்த வீட்டைவிட்டுப் போகும் என்று நான் நினைக்கவில்லை. உன்னைக் கொன்ற நோய் எங்களுக்கு விட்டுவிட்டுப் போனது இது.

பெரிய வாக்கு ஒன்றும் உனக்குத் தர என்னிடம் இல்லை. கோயிலுக்குள் போவேன் என்று சொல்லமாட்டேன். மனம் ஆறிவிடும் என்று சொல்லமாட்டேன். அவளுக்கு ஒன்றும் வராது என்று சொல்ல நான் யார்? ஒன்றை மட்டும் சொல்கிறேன், இதை என்னால் செய்ய முடியும். உன் பிள்ளைக்குத் தலை இடிக்கிற நாளிலும் இடிக்காத நாளிலும், எனக்குக் காது கேட்கிற காலம் வரைக்கும், அவள் கூப்பிடு தூரத்தில் நான் இருப்பேன்.

ஷேர்லிக்கு மச்சாளாகவும், அனிற்றாவுக்கு மாமியாகவும்,
உன் வீட்டில் இருக்கிற
உன் அக்கா,
பவளம்